சிறிய கல்லூரியில் மாணவர் மன்றம் தொடங்கி நடத்தும் முறை

காவிரிப் படுகையில் உள்ள சிறிய கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் மன்றம் தொடங்க விரும்பும் மாணவர்களுக்காகவும், அதற்குப் பொறுப்பேற்க இசையும் இளம் ஆசிரியர்களுக்காகவும் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவரும் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி போன்ற பெரிய நிறுவனங்கள் இங்கே என் மனத்தில் இல்லை. சில நூறு மாணவர்கள், ஏழெட்டுத் துறைகள், ஒரே ஒரு கருத்தரங்கக் கூடம், கடைசி வகுப்பு முடிந்த அரைமணி நேரத்தில் ஆளரவம் அடங்கிவிடும் வளாகம் என்று திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களின் வயல்களுக்கு நடுவே நிற்கும் கல்லூரிகளையே கருதுகிறேன். இத்தகைய கல்லூரிகளில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போன பிறகும் உயிரோடு இருக்கும் மன்றத்திற்கே பஞ்சம். ஆகவே, தொடக்க விழாவைவிட, மாணவர் வந்துபோகும் நேரத்தையும் அடுத்த ஆண்டுக்குக் கைமாற்றுவதையும் முதல் நாளிலிருந்தே எண்ணிப் பார்ப்பது அவசியம்.

இருப்பவற்றை முதலில் அறிதல்

புதிய மன்றத்திற்குப் பெயர் தேடுவதற்கு முன், கல்லூரியில் ஏற்கெனவே உள்ள அமைப்புகளின் பட்டியலை அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் (ரெட் ரிப்பன் கிளப்), நுகர்வோர் மன்றம், தேர்தல் எழுத்தறிவு மன்றம், நுண்கலை மன்றம், தமிழ் மன்றம், ஒவ்வொரு துறைக்கும் உரிய துறை மன்றம் என்று அதில் பல பெயர்கள் இருக்கும். உறுப்பினர் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாணவர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். புதிய மன்றமும் அதே மாணவர்களைத்தான் அழைக்கப் போகிறது என்றால், அவர்கள் சுமை கூடுமே தவிர வேறொன்றும் நிகழாது.

இந்த அமைப்புகள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்திற்கு வகுக்கப்பட்ட விதிகள் உண்டு. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமில் பங்கேற்க வேண்டும், அதற்குச் சான்றிதழும் கிடைக்கும். துறை மன்றமோ அந்தத் துறைத்தலைவரின் ஆர்வத்தைப் பொறுத்தே இயங்கும். பறவை நோக்குதல், நாடகம், வாசிப்பு போன்ற விருப்பம் சார்ந்த மன்றத்திற்கு விதியும் இல்லை, சான்றிதழும் இல்லை. மாணவரின் விருப்பம் ஒன்றே அதன் மூலதனம். நீங்கள் செய்ய எண்ணுவது முதல்வகை அமைப்பு ஒன்றின் எல்லைக்குள் அடங்குமானால், அதற்குள்ளேயே ஒரு குழுவாகத் தொடங்குவது நல்லது. குருதிக்கொடையாளர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க நினைப்பவர்களுக்குச் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. சக மாணவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க நினைப்பவர்களுக்குத் தேர்தல் எழுத்தறிவு மன்றம் இருக்கிறது. 17 வயது நிறைந்தவர்கள் படிவம் 6-ஐ முன்கூட்டியே அளிக்கலாம் என்பதும், 18 வயது நிறைவைக் கணக்கிடும் தகுதி நாள் இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என ஆண்டுக்கு நான்காக இருப்பதும் முதலாண்டு மாணவர் பலருக்கு இன்னும் தெரியாது. இந்த ஒரு செய்தியை வகுப்பு வகுப்பாகக் கொண்டுசேர்த்தாலே அந்த மன்றத்திற்கு ஓராண்டு வேலை இருக்கும்.

எந்தப் பணியை எடுத்துக்கொள்வது

பெரிய நகரத்துக் கல்லூரிகளைப் பார்த்துப் பணியைத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் ஊர் எதைத் தருகிறது என்று பாருங்கள். படுகைக் கல்லூரிக்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ளவை ஏராளம். திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஆகிய இரண்டு பறவைகள் சரணாலயங்களும் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டுமே மேட்டூர் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி இருக்கும் ஏரிகள். கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருகின்றன. தாராசுரமும் தரங்கம்பாடியும் பேருந்து செல்லும் ஊர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்திலிருந்துதான் அந்தப் பணியைச் செய்தார். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் தொண்டர்களுக்கு 2028 மாசியில் வரவிருக்கும் மகாமகம் பெரும் பணியாக அமையும். 2016-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வரும் அந்த விழாவிற்கான முதலுதவிப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

பணியைத் தேர்வதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். மாணவர் தம் சொந்த ஊரிலிருந்தபடியே அந்தப் பணியின் ஒரு பகுதியைச் செய்ய முடிய வேண்டும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீட்டருகே உள்ள குளக்கரையிலோ வயல் வரப்பிலோ குறைந்தது பதினைந்து நிமிடங்கள் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் இ-பேர்டு செயலியில் பதிந்தால் போதும். பேருந்துச் செலவில்லை, அனுமதிக் கடிதமில்லை, பெற்றோர் தயங்குவதற்கும் காரணமில்லை. முப்பது மாணவர்கள் முப்பது ஊர்களிலிருந்து கொண்டுவரும் பட்டியலைப் பெரிய கல்லூரியின் விடுதி மாணவர்களால் தர இயலாது. சிதறி வாழும் மாணவர்களைக் கொண்ட சிறிய கல்லூரிக்கே அது வாய்க்கும். தாத்தா காலத்தில் தங்கள் ஊரில் விளைந்த நெல் வகைகளைக் கேட்டு எழுதுவது, ஊர்க் குளங்களின் பெயரையும் இன்றைய நிலையையும் பதிவது, பாட்டியிடம் நடவுப் பாட்டுகளைக் கேட்டு ஒலிப்பதிவு செய்வது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. இத்தகைய பணிகளில் மாணவர் பலர் வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேள்வி கேட்டு உட்கார்ந்து கேட்பது அதுவே முதல்முறையாக இருக்கும். மன்றம் தரக்கூடியவற்றுள் மிக மதிப்புடையதாக நான் கருதுவது இதைத்தான்.

பெயர், இலச்சினை, சீருடை ஆகியவற்றை ஒரு கூட்டத்திற்கு மேல் பேச வேண்டாம்.

நேரம்

சிறிய கல்லூரியின் மன்றங்கள் நலிவதற்கு ஆர்வக் குறைவே காரணம் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. நான்கு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு, நாலேகால் பேருந்தை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது என்ற ஊரிலிருந்து வரும் மாணவியிடம் ஆர்வத்தை எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே, உறுப்பினராகச் சேர விரும்புவோரிடம் பெயரையும் வகுப்பையும் கேட்கும்போதே ஊர், ஏறும் பேருந்து, அது புறப்படும் நேரம் ஆகியவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் கூட்டத்திற்குரிய நேரம் தானே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது மதிய உணவு இடைவேளையாகவோ, வாரத்தில் ஒருநாள் பொறுப்பாசிரியரின் வகுப்பில்லாத பாடவேளையாகவோ இருக்கும். இரண்டு சுழற்சிகளாக வகுப்பு நடக்கும் கல்லூரி என்றால், முதல் சுழற்சி முடிந்து இரண்டாம் சுழற்சி தொடங்கும் இடைவெளியே இரு தரப்பினரும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஒரே நேரம். அதை விட்டால் இரண்டு தனிக் குழுக்களாகத்தான் நடத்த வேண்டியிருக்கும். கட்டணமில்லாப் பேருந்து அட்டை பொதுவாக வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலான தடத்திற்கு மட்டுமே செல்லும் என்பதால், வெளிப்பயணங்களைச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து செல்லும் தொலைவிற்குள் வைத்துக்கொள்வது நலம். 2021 மே முதல் அந்தப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், செலவும் பாதிக்கு மேல் குறையும்.

நாளுக்கு உரிய நேரத்தைப் போலவே ஆண்டுக்கு உரிய காலமும் உண்டு. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை வேலைகள் மும்முரமாகும். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் அடுத்தடுத்து வரும். உழவர் வீட்டுப் பிள்ளைகள் விடுப்பெடுக்கும் காலம் அது. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மழை, நவம்பரில் பருவத்தேர்வு, தை மாதத்தில் சம்பா அறுவடை, ஏப்ரலில் மீண்டும் தேர்வு. இவற்றுக்கிடையே ஆகஸ்டு கடைசியில் தொடங்கும் வேளாங்கண்ணித் திருவிழா, ஐப்பசியில் மயிலாடுதுறைக் கடைமுழுக்கு, நாகூர்க் கந்தூரி, ஊருக்கு ஊர் தேர் என்று உள்ளூர் விடுமுறைகளும் குறுக்கிடும். இவ்வளவையும் நாட்காட்டியில் குறித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு இடைவெளிகள் தெரியும்: ஜூலையிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை ஒன்று, தை அறுவடை முடிந்து மார்ச் வரை மற்றொன்று. முதல் இடைவெளியை உறுப்பினர் சேர்க்கைக்கும் பயிற்சிக்கும், இரண்டாவதை வெளிப்பணிக்கும் ஒதுக்குங்கள். நீர்நிலைப் பணிகளுக்கு இது இன்னும் பொருந்தும். வழக்கமாக ஜனவரி 28-இல் அணை மூடப்பட்ட பிறகு அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு முதலியவற்றில் நீர் வடியும். படித்துறையையும் ஆற்றங்கரையையும் துப்புரவு செய்வதை அப்போது வைத்துக்கொள்ள வேண்டும். ஆடிப்பெருக்கை ஒட்டி, நீர் ஓடும் ஆற்றின் கரையில் மாணவர்களை இறக்குவது எந்த நிலையிலும் கூடாது.

அனுமதியும் பொறுப்பாசிரியரும்

முதல்வருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்திற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மன்றத்தின் நோக்கம் இரண்டு வரிகளில், கூடும் நாள், நேரம், இடம், பொறுப்பேற்க இசைந்துள்ள ஆசிரியரின் பெயர், முதல் பருவத்தில் செய்யவிருக்கும் இரண்டு பணிகள், கல்லூரியிடமிருந்து வேண்டுவது என்ன என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். வேண்டுவது வெறும் அறையும் ஓர் அலமாரித் தட்டும் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள்; பணம் கேட்காத கடிதத்திற்கு விரைவில் ஒப்புதல் கிடைப்பதுண்டு. துறைத்தலைவர் வழியாக அனுப்பி, ஒப்புதல் வந்த படியை முதல் ஆவணமாகக் கோப்பில் வையுங்கள்.

பொறுப்பாசிரியரைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். துறையில் மூத்தவர் என்பதற்காகவோ மாணவர்களிடம் செல்வாக்குள்ளவர் என்பதற்காகவோ ஒருவரை அணுகுவதைவிட, நீங்கள் எடுத்துக்கொண்ட பணியில் உண்மையான ஈடுபாடு உள்ளவரை அணுகுங்கள். விலங்கியல் ஆசிரியர்தான் பறவை மன்றத்தை நடத்த வேண்டும் என்பதில்லை. வணிகவியல் துறையில் நாள்தோறும் ஏரிக்கரை வழியாக வரும் ஒருவர் இருக்கக்கூடும். கௌரவ விரிவுரையாளர் ஒருவரை வேண்டுவதானால், அவருடைய பணி ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் நிலையை எண்ணி, நிரந்தர ஆசிரியர் ஒருவரையும் இணைப்பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஊதியத்தில் பின்தங்கிய அவர்கள் மீது கூடுதல் சுமையை ஏற்றும்போது, அவர்களின் பெயர் எல்லா அறிக்கைகளிலும் இடம்பெறுவதையாவது உறுதிசெய்ய வேண்டும்.

பொறுப்பாளர்கள்

தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவர் போதும். மாணவர் பேரவைத் தேர்தல்களுக்காக 2006-இல் லிங்டோ குழு அளித்த பரிந்துரைகள் 75 விழுக்காடு வருகைப் பதிவையும், போட்டியிடும் ஆண்டில் நிலுவைப் பாடம் இல்லாமையையும் வேட்பாளருக்குத் தகுதியாக வைத்தன. மன்றங்களை அவை கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், பல கல்லூரிகள் அதே தகுதிகளை மன்றத்திற்கும் பயன்படுத்துகின்றன. வருகைப் பதிவு குறித்த நிபந்தனை நியாயமானது. நிலுவைப் பாட நிபந்தனையை மன்றத்தில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலத் தாளில் தவறிய மாணவர் நாடகத்தை இயக்குவதில் முதலிடத்தில் இருக்கலாம். அவருக்குக் கல்லூரியில் நிமிர்ந்து நிற்க அந்த ஓர் இடமாவது இருக்கட்டும்.

பதவி எப்படிப் பகிரப்படுகிறது என்பதை மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஒரே பேருந்தில் வரும் நண்பர் குழு ஒன்று மூன்று பதவிகளையும் எடுத்துக்கொண்டால், அந்த மன்றம் இன்ன தெருக்காரர்களுடையது, இன்ன சாதிக்காரர்களுடையது என்ற பேச்சு ஒரு வாரத்திற்குள் கிளம்பிவிடும். பிறகு எவ்வளவு நல்ல பணி செய்தாலும் மற்றவர்கள் உள்ளே வர மாட்டார்கள். மூவரும் மூன்று துறைகளையும் வெவ்வேறு ஊர்களையும் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள். மாணவிகளுக்குத் துணைத்தலைவர் பதவியை உருவாக்கிக் கொடுத்துவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றுவதற்கும் வரவேற்புக்கும் மட்டும் அழைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கணக்கும் முடிவெடுக்கும் பொறுப்பும் அவர்கள் கையிலும் இருக்க வேண்டும்.

செய்தித் தொடர்புக்கு வாட்ஸ்அப் குழு எளிது. ஆனால் குழுவில் சேர்ந்த நொடியில் ஒரு மாணவியின் எண் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. சில வீடுகளில் செல்பேசியே அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கிறது. குழுவில் இருப்பதை உறுப்பினராவதற்கு நிபந்தனையாக வைக்காதீர்கள். அறிவிப்புப் பலகையிலும் வகுப்புப் பிரதிநிதி வழியாகவும் எல்லாச் செய்தியும் தவறாமல் போய்ச்சேர வேண்டும்.

கூட்டமும் கணக்கும்

கூட்டம் நாற்பது நிமிடங்களுக்குள் முடியட்டும். சென்ற கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட வேலைகள் முடிந்தனவா என்று முதல் பத்து நிமிடம், அன்றைய பணிக்கு இருபத்தைந்து நிமிடம், யார் எதை எந்த நாளுக்குள் செய்வது என்பதை எழுதுவதற்குக் கடைசிச் சில நிமிடங்கள். செயலாளர் கூட்டக் குறிப்பேட்டில் கையால் எழுதி, வந்தவர்கள் கையொப்பமிட வேண்டும். புவியிடக் குறிப்புடன் கூடிய படங்களும் அறிக்கையும் நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு) தர மதிப்பீட்டிற்காகக் கல்லூரிக்குத் தேவைப்படும் என்பதால், ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒருவரைப் படமெடுக்க நியமித்து, அன்றே ஒரு பக்க அறிக்கையைக் கல்லூரியின் உள்தர உறுதி மையத்திற்குக் கொடுத்துவிடுங்கள். ஆயினும் பதாகையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்ற படத்தோடு முடிந்துபோகும் நிகழ்வுகளுக்கு உங்கள் மன்றம் இடம்தரக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டுச் சந்தா 50 ரூபாய்க்கு மேல் வேண்டாம். கொடுக்க இயலாதவரிடம் கேட்கவும் வேண்டாம். தொகையைக் கல்லூரிக் கணக்கிலோ பொறுப்பாசிரியர் பெயரிலான தனிப் பேரேட்டிலோ வைக்க வேண்டும். பொருளாளரின் செல்பேசி எண்ணுக்கு ஜிபே வழியாகப் பணம் அனுப்பச் சொல்வது வசதியாகத் தோன்றும். ஆனால் அவருடைய சொந்தப் பணமும் மன்றப் பணமும் கலந்துவிட்டால், ஒரு ரூபாயும் தவறாதபோதும் அவர்மீது பழி விழும். இருபது வயதுப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்துவது பெரியவர்களின் தவறு. ஒவ்வொரு செலவுக்கும் இரசீது, ஒவ்வொரு மாதமும் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் என்ற இரண்டையும் விடாமல் கடைப்பிடியுங்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்குவதை நிறுத்தினால் மன்றச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். அவருக்கு மாணவர் எழுதிய நன்றிக் கடிதம் போதும். தேதி குறிக்காத துணிப் பதாகை ஒன்றைத் தைத்து வைத்தால் ஆண்டுதோறும் ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களோ கடைக்காரர்களோ உதவ முன்வந்தால், பணத்திற்குப் பதிலாகப் புத்தகம், மரக்கன்று, முதலுதவிப் பெட்டி என்று பொருளாக, முதல்வரின் ஒப்புதலுடன் பெறுங்கள்.

முகாம்களும் மழைக்காலமும்

குருதிக்கொடை முகாம் நடத்தும் மன்றம், அதற்குரிய நிபந்தனைகளை ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிவிட வேண்டும்: வயது 18 நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும், முன்பு கொடுத்திருந்தால் ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நான்கு மாதமும் கடந்திருக்க வேண்டும். காலை உணவு உண்ணாமல் முதல் பேருந்தில் வந்த மாணவரைக் குருதி கொடுக்க அனுப்பாதீர்கள். ஆர்வத்துடன் வந்து, இரத்தச்சோகை என்று திருப்பி அனுப்பப்படும் மாணவிகளை அப்படியே விட்டுவிடாமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் மறுபரிசோதனையும் கிடைக்க வழிசெய்வதே அந்த முகாமின் முக்கியமான பாதி என்று நான் கருதுகிறேன்.

2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையையும் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரைகடந்த கஜா புயலையும் கண்ட மாவட்டங்களில், மழைக்காலத்தில் மாணவர்கள் உதவிக்கு ஓடுவது இயல்பு. அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. வரையறை செய்ய வேண்டும். வருவாய்த் துறையோ ஊராட்சியோ கேட்ட இடத்தில், பகலில், இருவர் இருவராக, பொறுப்பாசிரியர் அறிந்திருக்கும்படி மட்டுமே செல்லலாம். நிவாரணப் பொருட்களைப் பிரித்துக் கட்டுவது, முகாமில் இருப்போரின் பெயரையும் மருந்துத் தேவையையும் எழுதுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையிருப்பது ஆகியவை மாணவர்க்குரிய பணிகள். அறுந்து கிடக்கும் மின்கம்பியும் உடைப்பெடுத்த வாய்க்காலும் உரியவர்களின் பொறுப்பு. பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் எவரையும் அனுப்பக் கூடாது.

கைமாற்றுதல்

இளநிலைப் படிப்பு மூன்றே ஆண்டுகள். மூன்றாமாண்டு மாணவரைத் தலைவராக்கினால் ஏப்ரலில் அவர் போய்விடுவார். ஜூனில் மன்றத்தை எழுப்ப யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே புதிய பொறுப்பாளர்களைப் பிப்ரவரியிலேயே, அப்போது முதலாண்டில் உள்ளவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, மார்ச் முழுவதும் பழையவர்களுடன் சேர்ந்து பணியாற்ற விடுங்கள். மூன்றாமாண்டுக்கு வருவோர் ஆலோசகர்களாக இருக்கலாம்.

கைமாற்றுக் குறிப்பேடு ஒன்று கட்டாயம் வேண்டும். அனுமதிக் கடிதத்தின் படி, உறுப்பினர் பட்டியல், பேருந்து நேரத் தாள், கணக்கு, இருப்பிலுள்ள பொருட்கள், எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவை அணுகினால் வேலை நடந்தது, எந்த நிகழ்வு ஏன் நடக்காமல் போனது என்பவற்றை அதில் எழுதுங்கள். வெற்றிகளைக் குறிப்பதைவிடத் தடைகளைக் குறிப்பது புதியவர்களுக்கு மிகுதியும் உதவும்.

இரண்டு பருவங்கள் தொடர்ந்து கூட்டத்திற்கு ஐந்து பேர்கூட வரவில்லை என்றால், மன்றத்தை முறையாக முடித்துவிடுங்கள். கடைசிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, மீதப் பணத்தைக் கல்லூரிக் கணக்கில் செலுத்தி இரசீது பெற்று, குறிப்பேடுகளையும் சேகரித்த பட்டியல்களையும் நூலகரிடம் ஒப்படைத்து, பலகையிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி அலுவலகத்திற்கு எழுதிக் கொடுங்கள். சில ஆண்டுகள் கழித்து வேறு மாணவர்கள் அதே எண்ணத்தோடு வரும்போது, அவர்கள் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரியில் குறிப்பிட்டு விடுங்கள்.